தொட்டால் தெரியும்

கீழ்த்தட்டைத் துடைத்தாகிவிட்டது. மேல்தட்டையும் துடைத்தாகிவிட்டது. இனிமேல் துடைக்க ஒன்றுமில்லை, ஆனாலும் ஸ்பிரிட்டில் நனைத்த டிஷ்யூவை வலது கையில் வைத்துக்கொண்டு நடுவிலிருந்து விளிம்புக்கு, நடுவிலிருந்து விளிம்புக்கு என்று தேய்த்துக்கொண்டே இருக்கிறேன். இடது கை முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அது இந்த ஆய்வகத்தின் பழக்கம். ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடுகிற பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும், இரண்டு கையாலும் தொட்டால் மின்சாரம் ஒரு கையில் ஏறி நெஞ்சைக் கடந்து மறு கையில் இறங்கும் என்று இங்கே வருகிற எல்லாருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது நான்தான். இப்போது மின்சாரமே இல்லை. ஸ்விட்ச் அணைந்திருக்கிறது, பெட்டியின் சாவி என் கோட்டுப் பையில் கிடக்கிறது. இருந்தாலும் இடது கை பின்னால்தான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதற்கு அங்கேதான் இடம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, வாசுகி மேடம் கோயிலில் கும்பிடும்போதுகூட ஒரு கையால்தான் கும்பிடுவார் என்று எம்.டெக் பசங்க கேலி பேசுவது எனக்குத் தெரியும். கோட்டின் முழுக்கையை மணிக்கட்டு வரை இறக்கிப் பட்டன் போட்டிருக்கிறேன். கோயமுத்தூர் என்றாலும் ஏப்ரல் ஏப்ரல்தான், கழுத்துக்குக் கீழே வேர்வை வழிகிறது, வழிவது தெரிகிறது. கையில் வழிகிறதா என்று யோசிக்கிறேன். யோசிக்க வேண்டாம் என்று மறுபடி தட்டைத் தேய்க்கிறேன்.

மேடம், தண்ணி இன்னும் இருபத்தஞ்சுக்கு வரலீங்க, என்கிறாள் ஹசீனா. இந்தத் திட்டத்தில் எனக்குத் துணையாக வேலை பார்க்கிறவள், பொள்ளாச்சிப் பெண், எதையும் வேகமாகச் செய்யமாட்டாள், அதனாலேயே எனக்குப் பிடிக்கும். தட்டுகளுக்கு அடியில் ஓடுகிற தண்ணீர் இருபத்தைந்து டிகிரிக்கு வந்து நின்றால்தான் அளக்க முடியும். வரட்டும்மா, என்ன அவசரம், என்கிறேன். என் குரல் நன்றாகத்தான் இருக்கிறது. இந்த இயந்திரத்தில் பெரிய மந்திரம் எதுவுமில்லை, இரண்டு வட்டத் தட்டு, நடுவில் எண்ணெய். மேல்தட்டு சுற்றும், எண்ணெய் அதைப் பிடித்து இழுக்கும், எவ்வளவு இழுக்கிறது என்பதுதான் பாகுநிலை. பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லைப் படித்தபோது எனக்கு அதிரசம்தான் ஞாபகம் வந்தது. அம்மா வெல்லப் பாகை அடுப்பில் வைத்துவிட்டு, கரண்டியிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பாள். அவசரமாக இருந்தால் தண்ணீரும் கிடையாது, கொதிக்கிற கரண்டியிலிருந்தே இரண்டு விரலால் எடுத்துப் பிரித்துப் பார்ப்பாள். சுடாதா அம்மா என்றால், எனக்கெங்கடி சுடும், இது காய்ப்பேறுன கையி, என்பாள். சட்டியைத் துணி இல்லாமல் இறக்குவாள். எங்கம்மாவுக்குக் கை சுடாது என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருஷம் கழித்து, தட்டைத் தேய்த்துக்கொண்டே, அம்மாவுக்கு ஏன் சுடவில்லை என்று கேட்டுக்கொள்கிறேன். சும்மா இரு. அம்மாவுக்குத் தையல் ஊசி குத்தினால் வாயில் வராத கெட்டவார்த்தை இல்லை. காய்ப்புக் காய்த்த கை அது, அவ்வளவுதான். அவளுக்கு இருந்திருந்தால் யாராவது கவனித்திருக்கமாட்டார்களா, விரல் கடைசிவரை நேராகத்தானே இருந்தது, சுண்டுவிரல் கொஞ்சம் மடங்கி இருந்ததா. அது வயசாகி மடங்கியது. எல்லாருக்கும்தான் மடங்கும்.

வந்துருச்சுங்க, என்கிறாள் ஹசீனா. முதலில் பூஜ்யம் வைக்க வேண்டும். எண்ணெய் எதுவும் இல்லாமல் மேல்தட்டைக் கீழே இறக்குவோம். அது இறங்கி இறங்கி, கீழ்த்தட்டைத் தொட்டதும் நின்றுவிடும். தொட்டது அதற்கு எப்படித் தெரியும் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். உள்ளே ஒரு உணரி இருக்கிறது, ஒரு கடுகு எடையைவிடக் குறைவான அழுத்தம் பட்டாலும் சொல்லிவிடும், தொட்ட அந்த இடம்தான் பூஜ்யம், அதிலிருந்துதான் எல்லா இடைவெளியும். பொத்தானை அழுத்துகிறேன். தட்டு மெதுவாக இறங்குகிறது, மோட்டாரின் முனகல் மட்டும் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். ஆதிரை பின்னாலேயே வந்தாள், நான்கு வயதுக்கு என்ன வேலை மாடியில், கிளிப்புகளை எண்ணுகிறாளாம். அம்மா எறும்பு, என்றாள். எங்கடி. உன் கையில, கடிக்குது பாரு. குனிந்து பார்த்தேன். இடது முன்கையில், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, மாசக்கணக்கில் வெளிறிக் கிடக்கிற அந்தத் தேமலின் நடுவில் ஒரு கட்டெறும்பு தலையைப் புதைத்துக்கொண்டு பின்பக்கத்தைத் தூக்கி நின்றது. கட்டெறும்பு கடித்தால் ஆள் துள்ளுவான். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதைத் தட்டிவிடத் தோன்றவில்லை, அது யாருடைய கையிலோ இருப்பது போல இருந்தது. ஆதிரைதான் ஊதிவிட்டாள். வலிக்குதாம்மா என்றாள். இல்லடா கண்ணு என்றேன், பொய்யில்லை, வலிக்கவில்லை. அப்புறம் துணிகளை மடித்தேன், சட்டினி அரைத்தேன், வீட்டுக்காரர் குணாவுக்குத் தோசை ஊற்றினேன். டிங் என்று இயந்திரம் சொல்கிறது. தொட்டாச்சுங்க மேடம், என்கிறாள் ஹசீனா, எழுதிக்கொள்கிறாள்.

அரசாங்க ஆஸ்பத்திரிச் சுவரில் நீல எழுத்தில் எழுதியிருக்கும். பஸ்ஸில் போகிற எல்லாரும் படித்திருப்பார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகின வயதில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் சத்தமாகப் படித்த பெரிய வார்த்தைகளில் அது ஒன்று, உ-ணர்-ச்-சி-யற்-ற தே-மல். உணர்ச்சி என்றால் அழுகை, கோபம் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன், அழத் தெரியாத தேமல் என்று ஒன்று இருக்கிறது போல என்று ஊர் வரும்வரை யோசித்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த அப்பா, அதெல்லாம் படிக்காதே, நல்லதா நாலு போர்டு இருக்கு, அதப் படி, என்றார். பிறகு அந்த அப்பா செத்துப்போனபோது நான் அழவில்லை. பந்தல்காரனுக்கு ஆள் சொல்லி, டீக்கு ஏற்பாடு செய்து, வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். பெரியம்மா காதுபடவே சொன்னாள், படிச்ச பொண்ணுல்ல, உணர்ச்சி எங்கிருந்து வரும். குணாவும் ஒரு சண்டையில் அதையேதான் கேட்டார், உனக்கு உணர்ச்சின்னு ஒண்ணு இருக்கா வாசுகி, இல்ல அதையும் மிஷின்ல வெச்சுத்தான் அளக்கணுமா. அப்போது சிரிப்பு வந்தது. இப்போதும் கொஞ்சம் வருகிறது. ஊரெல்லாம் எழுதி வைத்துச் சொல்லியிருக்கிறார்கள், நான்தான் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். இந்தத் தேமல் வந்தபோது வெயில் தேமல் என்று நினைத்தேன். கடைக்காரர் கொடுத்த களிம்பைப் பூசினேன், போகவில்லை, பிறகு மறந்துவிட்டேன். வலித்திருந்தால் மறந்திருக்கமாட்டேன். அரித்திருந்தால்கூடப் போதும், டாக்டரைப் பார்த்திருப்பேன். தொந்தரவு இல்லாததை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்.

தொழுநோய். வார்த்தையை மனசுக்குள் ஒருதரம் முழுதாகச் சொல்லிப் பார்க்கிறேன், அது எங்கேயும் போய் இடிக்கவில்லை. பேருந்து நிலைய வாசலில் துணி சுற்றிய கையோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள், தட்டில் காசு போடும்போது கை படாமல் உயரத்திலிருந்து போடுவோமே, அந்தச் சத்தமும் வருகிறது. எனக்கு எல்லாம் தெரியும். திங்கட்கிழமை ராத்திரி எல்லாரும் தூங்கினபிறகு ஆராய்ச்சிக் கட்டுரைகளாகத் தேடித் தேடிப் படித்தேன். மாத்திரை இருக்கிறது, இலவசமாகவே தருகிறார்கள், சில மாதங்களில் குணமாகிவிடும், மாத்திரை தொடங்கிவிட்டால் பரவாது, தொட்டவுடன் ஒட்டிக்கொள்கிற சங்கதி இல்லை. சீக்கிரம் பார்த்தால் விரலுக்கு ஒன்றும் ஆகாது, தாமதித்தால்தான் நரம்பு போகும். இவ்வளவும் தெரிந்தவள் மறுநாள் காலையில் நேராகத் தோல் டாக்டரிடம் போயிருக்க வேண்டும். நான் கல்லூரிக்கு வந்தேன். அதற்கு மறுநாளும் வந்தேன். படித்தவர்களுக்கென்றே ஒரு வியாதி இருக்கிறது, எல்லாவற்றையும் படித்துவிட்டு டாக்டரிடம் போகாமல் இருப்பது. ஆதிரைக்குத் தூங்கும்போது என் இடது முழங்கை வேண்டும். பிறந்ததிலிருந்து அப்படித்தான், முன்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முழங்கை எலும்பைத் தடவிக்கொண்டே தூங்குவாள். ஞாயிறு ராத்திரி நான் இடம் மாறிப் படுத்து வலது கையைக் கொடுத்தேன். இது இல்ல, அந்தக் கை, என்றாள். அந்தக் கைக்கு உவ்வா, என்றேன். உவ்வா இல்ல, நீதான் வலிக்கலேன்ன, என்றாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஊர் பேசுவது, அத்தை என்ன சொல்வார், குணா என்ன செய்வார், இதெல்லாம் தாங்கிக்கொள்கிற கவலைதான். இத்தனை மாதம் ஒவ்வொரு ராத்திரியும் அவள் அந்தக் கையில் மூக்கை வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. பயம்கூட வருவது தெரிகிறது, வந்து சேர்வதில்லை, பக்கத்து வீட்டு மிக்சி ஓடுகிற மாதிரி எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது.

எண்ணெய் ஊத்தட்டுங்களா மேடம். ஊத்து. ஹசீனா பாட்டிலை எடுக்கிறாள். இது சாட்சி எண்ணெய், இதன் பாகுநிலை இவ்வளவு என்று பெரிய ஆய்வகம் ஒன்றில் அளந்து பாட்டிலிலேயே அச்சடித்து அனுப்பியிருப்பார்கள். நம் இயந்திரமும் அதே எண்ணைச் சொன்னால் அது பொய் சொல்லவில்லை என்று அர்த்தம், காலிபரேஷன் என்பது அவ்வளவுதான். அந்த எண்ணின்மேல் நான் ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டிவைப்பேன். அளந்து முடித்து எழுதிய பிறகுதான் காகிதத்தைப் பிரிக்க வேண்டும். மற்ற ஆய்வகங்களில் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், மிஷின்தானே மேடம் அளக்குது, நாம பாத்தா என்ன பாக்காட்டி என்ன. மிஷின் அளக்கிறதுதான். ஆனால் திரையில் எண் ஆடிக்கொண்டே இருக்கும், கூடும், குறையும், கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். அடங்கிவிட்டது என்று சொல்வது மனுஷன். விடை தெரிந்தவனுக்கு அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்ததுமே அடங்கிவிட்டதாகத் தோன்றும். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை, கண் தானாக அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். சொட்டு சொட்டாக எண்ணெய் விழுகிறது, தட்டின் நடுவில் பரவுகிறது. மேல்தட்டு இறங்குகிறது. விளிம்பில் பிதுங்கியதை ஹசீனா பிளாஸ்டிக் தகட்டால் சுற்றிலும் வழித்தெடுக்கிறாள். நன்றாகச் செய்கிறாள், நான் பாராட்டவேண்டும், பாராட்டவில்லை. என் செல் அதிர்கிறது. குணா.

சாயங்காலம் பாப்பாவ நீ கூட்டிட்டு வந்துர்றியா, எனக்கு மீட்டிங் இழுத்துரும் போல, என்கிறார். சரிங்க, என்கிறேன். பின்னால் அவருடைய அலுவலகத்தின் சத்தம், யாரோ சிரிக்கிறார்கள். வாசுகி, என்கிறார். ம். ராத்திரி அவ அழுதுட்டேதான் தூங்குனா, தெரியுமா உனக்கு. தெரியும், என்கிறேன். தெரிஞ்சுட்டு எப்படித் திரும்பிப் படுத்துட்டு இருந்த. திரையின் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். உடம்பு கிடம்பு சரியில்லையா, என்கிறார், குரல் இறங்கியிருக்கிறது. அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, காலிபரேஷன் ஓடிட்டு இருக்கு, அப்புறம் பேசறேன். வைத்துவிட்டேன். நல்ல மனுஷன். சொன்னால் என்ன செய்துவிடுவார், ஒன்றும் செய்யமாட்டார், ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுப்பார். அது தெரிந்துதான் சொல்லாமல் இருக்கிறேனோ என்னவோ. சொல்வதற்கு முதலில் ஒரு சமாச்சாரம் வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு தேமலும் ஒரு எறும்பும். எறும்பு சும்மா நின்றிருக்கலாம், கடித்திருக்காது. குழந்தை சொன்னதை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வரமுடியுமா.

அதற்காகத்தான் சோதித்துப் பார்த்தேன், பார்க்காமல் இருப்பேனா. ராத்திரி குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு, டியூப் லைட் வெளிச்சத்தில், பஞ்சைத் திரித்து நுனியை மெல்லிசாக்கித் தேமலின்மேல் வைத்தேன். தெரியுது. ஓரத்தில் வைத்தேன். தெரியுது. நடுவில் எறும்பு நின்ற இடத்தில் வைத்தேன். கொஞ்சம் மங்கலாக, ஆனால் தெரியுது. ஊக்கின் முனையால் தொட்டேன், தெரியுது. ஐஸ்கட்டி வைத்தேன், ஜில்லென்று தெரியுது. திங்கள், செவ்வாய், நேற்று, தினமும் பார்த்தேன், தினமும் அதே பதில். ஒழுங்காக, பல இடத்தில், திரும்பத் திரும்ப, நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரியேதான் செய்தேன். அப்புறம் ஏன் காலையில் எழுந்ததும் கை தானாக முதுகுக்குப் பின்னால் போகிறது, ஏன் இன்னும் ஆதிரைக்கு அந்தக் கையைக் கொடுக்கவில்லை என்று எனக்கே புரியவில்லை. பயந்தாங்கொள்ளி, வேறென்ன. இன்றைக்கு ராத்திரி கொடுத்துவிட வேண்டும். அளந்து பார்த்து ஒன்றுமில்லை என்று வந்தபிறகும் நம்பாவிட்டால் என்ன விஞ்ஞானி நீ.

திரையில் எண் ஆடுகிறது. ஹசீனா குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள், உதடு லேசாக அசைகிறது. அடங்கிருச்சுங்க, என்று சொல்லி எழுதுகிறாள். அடுத்து மின்புலம். பெட்டிக் கதவைச் சாத்திச் சாவியைத் திருப்புகிறேன், சிவப்பு விளக்கு எரிகிறது, வலது கையால் குமிழைத் திருக வோல்ட் ஏறுகிறது. நாளைக்கு இந்த இடத்தில் சிலிக்கா தூள் கலந்த எண்ணெயை ஊற்றுவோம், மின்புலம் பட்டதும் அது கண்ணிமைக்கிற நேரத்தில் தயிராக இறுகி மேல்தட்டைப் பிடித்துக்கொள்ளும், மின்சாரத்தை நிறுத்தினால் மறுபடி தண்ணீராகிவிடும், எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. ஆனால் இன்றைக்கு இருப்பது வெறும் சாட்சி எண்ணெய். இதற்கு மின்புலம் என்று ஒன்று இருப்பதே தெரியக்கூடாது. தெரிந்தால் எண்ணெயில் ஈரம் ஏறியிருக்கிறது என்றோ, மின்கம்பி எங்கேயோ உரசுகிறது என்றோ அர்த்தம், அப்புறம் நாள் பூரா பிரித்துப்போட்டுத் தேட வேண்டும். வோல்ட் ஏறுகிறது. எண் அசையவில்லை. இன்னும் ஏற்றுகிறேன், அசையவில்லை. இவ்வளவு பெரிய மின்புலத்துக்குள் நின்றுகொண்டு அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சூப்பருங்க மேடம், ஒண்ணுமே தெரியல பாருங்க இதுக்கு, என்கிறாள் ஹசீனா. ஆமாம்மா, என்கிறேன். வோல்ட்டை இறக்கிவிட்டு, எர்த் கம்பி கட்டிய காப்புக் கோலால் தட்டைத் தொட்டு மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிவிட்டு, நாற்காலியில் உட்கார்கிறேன். தூக்கம் வருகிறது. வேலை முடிந்துவிட்டது, காகிதத்தைப் பிரித்து எண்ணைச் சரிபார்த்துவிட்டால் சாப்பிடப் போகலாம்.

ஹசீனா பாட்டிலை எடுத்து வந்து மேசையில் வைக்கிறாள். பிரிக்காமல் நிற்கிறாள். என்னம்மா. மேடம், ஒண்ணு சொல்லணுங்க. சொல்லு. இந்தப் பேப்பரு காலையிலயே ஒரு ஓரமா பிரிஞ்சிருந்துச்சுங்க. நான் வேணும்னு பாக்கலீங்க, எண்ணெய் ஊத்தறப்ப கண்ணுல பட்டுருச்சு. அப்பவே சொல்லியிருக்கணும், சொல்லலாம்னு பாத்தேன், நீங்க போன்ல இருந்தீங்க. பரவாயில்லை என்று சொல்லப்போனேன். காகிதத்தைப் பிரித்து எண்ணைப் பார்க்கிறேன், அவள் எழுதியதும் பாட்டிலில் இருப்பதும் கடைசி இலக்கம்வரை ஒன்றாக இருக்கிறது, இவ்வளவு சுத்தமாக எங்களுக்கு ஒருநாளும் வந்ததில்லை. நீ பாத்தேல்ல திரையில, நெசமாவே அடங்குச்சா, என்று கேட்கிறேன். அவள் யோசிக்கிறாள், நேர்மையாக யோசிக்கிறாள். அடங்குன மாதிரி தாங்க தெரிஞ்சுது மேடம். ஆனா எனக்குத் தெரியும்ல என்ன வரணும்னு, அதனால தெரிஞ்சுதா, இல்ல நெசமாவே தெரிஞ்சுதான்னு இப்பச் சொல்லத் தெரியலீங்க. அவள் சொல்லி முடித்துவிட்டாள், என் பதிலுக்காக நிற்கிறாள், நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். தெரிஞ்சுது. என்ன ஒரு சொல் இது, கண்ணுக்கும் இதுதான், தோலுக்கும் இதுதான், புத்திக்கும் இதுதான். டியூப் லைட் வெளிச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டு, பஞ்சின் நுனி தேமலில் படுவதைப் பார்த்துக்கொண்டே தெரியுது என்றேன். ஊக்கு படுவதைப் பார்த்தேன், தெரியுது என்றேன். ஐஸ்கட்டியைப் பிடித்திருந்தது வலது கை, ஜில்லிட்டது வலது கை விரல். ஊருக்கெல்லாம் காகிதம் ஒட்டச் சொல்கிறவள், ஒருநாள் விடாமல் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு தொட்டிருக்கிறேன். தொட்டதும் நான், பார்த்ததும் நான், சொன்னதும் நான்.

மேடம், கோவமாங்க. இல்லம்மா. அத அழிச்சுரு, சாப்பிட்டு வந்து வேற பாட்டில்ல மறுபடி பாத்துக்கலாம். நீ சொன்னதே பெருசு. அவள் முகம் தெளிகிறது, டிபன் பாக்ஸை எடுக்கப் போகிறாள். போகட்டும். இன்றைக்கே போகவேண்டுமென்று என்ன இருக்கிறது, சனிக்கிழமை காந்திபுரம் போகிற வேலை இருக்கிறது, அப்படியே டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாம், அவரே தொட்டுப் பார்ப்பார், அவருக்குத் தெரியாததா. சாயங்காலம் ஆதிரையைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். பள்ளிக்கூட வாசலில் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடிப்பாள், எந்தக் கை என்று பார்த்துப் பிடிக்கிற வயதா அது. ராத்திரி அந்தக் கை என்று கேட்பாள். கொடுப்பதா, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வதா. ஹசீனா, என்று கூப்பிடுகிறேன். அவள் திரும்புகிறாள். சாப்பிடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு சின்ன வேலை செய்யணும்மா. முதலுதவிப் பெட்டியில பஞ்சு இருக்கும், கொஞ்சம் எடுத்துட்டு வா. அவள் எடுத்து வருவதற்குள் மணிக்கட்டுப் பட்டனைக் கழற்றுகிறேன், ஒற்றைக் கையால் கழற்ற நேரமாகிறது, கோட்டின் கையை முழங்கைக்கு மேலே சுருட்டுகிறேன். இத்தனை நாளுக்கு அப்புறம் வெளிச்சத்தில் பார்க்க அது சின்னதாகத்தான் இருக்கிறது, ஆதிரையின் உள்ளங்கை அளவு.

தேமலுங்களா மேடம், என்கிறாள் ஹசீனா. ஆமா. வெயிலுக்கு எங்க அண்ணிக்கும் இப்படித்தானுங்க வந்துச்சு. இருக்கும்மா. பஞ்சை நல்லா திரிச்சு நுனிய மெல்லிசாக்கிக்க, நான் கண்ண மூடிக்கறேன். கைல எங்க வேணாலும் தொடு, சும்மா பட்டும் படாம. பட்டதும் நான் சொல்வேன். எனக்கு நீ ஒண்ணும் சொல்லக்கூடாது, புரியுதா. பேப்பர் ஒட்டற மாதிரிங்களா, என்கிறாள். அதே மாதிரிதான், என்கிறேன். சிரிக்கிறாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிடுகிறாள். அவளுக்கும் பஸ் ஜன்னல் இருந்திருக்கும், அந்தச் சுவரை அவளும் எழுத்துக்கூட்டிப் படித்திருப்பாள். நகர்ந்து போவாளோ என்று பார்க்கிறேன். போகவில்லை, நாற்காலியை இழுத்துப்போட்டு என் முன்னால் உட்கார்ந்து, என் கையைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொள்கிறாள். கண்ணை மூடுகிறேன். தண்ணீர்க் குழாயின் சத்தம் பெரிதாகிறது, வெளியே யாரோ மாடிப்படி இறங்குகிறார்கள். மணிக்கட்டில் ஒரு பூனைமுடி பட்ட மாதிரி கூசுகிறது. இங்க, என்கிறேன். ம், என்கிறாள். முழங்கை மடிப்பில் கூசுகிறது. இங்க. ம். உள்ளங்கையில், சிரிப்பு வருகிற அளவு. இங்க. எவ்வளவு நன்றாகத் தெரிகிறது, பஞ்சின் ஒவ்வொரு இழையும் தெரிகிறது போல இருக்கிறது, இத்தனை நாள் இது எங்கே போயிருந்தது. கட்டைவிரலுக்குக் கீழே. இங்க. என் உடம்பு முழுதும் அந்தக் கைக்கு இறங்கி வந்து காத்துக்கொண்டிருக்கிறது. அடுத்தது எங்கே என்று காத்திருக்கிறேன். அவள் மூச்சு விடுவது கேட்கிறது. குழாயில் தண்ணீர் ஓடுகிறது. பஞ்சை மாற்றுகிறாள் போல, புதிதாகத் திரிக்கிறாள் போல, திரிக்கட்டும். இன்னும் காத்திருக்கிறேன். மாடிப்படிச் சத்தம் கீழே போய் நின்றுவிட்டது.

என்னம்மா நிறுத்திட்ட, தொடு, என்கிறேன்.

தொட்டுட்டேதானுங்க மேடம் இருக்கேன், என்கிறாள் ஹசீனா.